பொடிக்கொசுவை வகை பிரிக்கப் போகிறீர்களா? பொறியைத் தூக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முதல் வருட முடிவில் என்னிடம் 212 ஸ்லைடுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இரத்தம் குடிக்கும் பொடிக்கொசுப் பேரினமான ‘குலிகாய்ட்ஸ்’ பெயரைக் குண்டு குண்டாக எழுதி, மரப்பெட்டியில் அடுக்கி, மூத்த பூச்சியியலாளர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அரை நாள் நுண்ணோக்கியில் குனிந்திருந்தவர் நிமிர்ந்து, “தம்பி, இதுல பாதி கடிக்கவே கடிக்காத பூச்சி” என்றார். மீதிப் பாதியில் என்ன கோளாறு என்பதை 5ஆம் படியில் சொல்கிறேன்.

ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்பும் பூச்சி என்பதால், விலங்கியல் மாணவர்களும் கால்நடை மருத்துவர்களும் குலிகாய்ட்ஸ் பக்கம் அடிக்கடி வருகிறார்கள். வந்த வேகத்திலேயே பலர் திரும்பியும் போகிறார்கள். வழிகாட்ட ஆள் இல்லாமல் நான் தட்டுத்தடுமாறிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன். என் களம் தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல்காட்டு ஆட்டுக்கிடைகள். உங்கள் ஊர் வேறென்றால் மாதக் கணக்கு மாறும், மற்றதெல்லாம் இதேதான்.

1. எந்தப் பூச்சி என்று முதலில் தெளியுங்கள்

ஊரில் இதற்கெனத் தனிப்பெயர் சொல்பவர்கள் குறைவு. “பொடிக்கொசு” என்பார்கள், “கண்ணுக்கே தெரியாம கடிக்குதே அது” என்பார்கள். ஆங்கிலப் பேச்சில் சிலர் இதையும் மணல் ஈ என்றே சொல்லிவிடுவதால் கருங்காய்ச்சல் பரப்பும் மணல் ஈயோடு குழப்பம் வரும். அது வேறு குடும்பம். உடல் முழுக்க மயிரடர்ந்து, உட்காரும்போது இறக்கையை ‘வி’ போலத் தூக்கி வைத்திருக்கும்.

நாம் தேடுவது செரட்டோபோகோனிடே குடும்பம். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் நீளம். உலகம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட பேரினங்கள், 6000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். மனிதன், ஆடு, மாடு, பறவை என்று முதுகெலும்புள்ள உயிர்களின் இரத்தத்தைக் குடிப்பவை நான்கே பேரினங்களில்தான் இருக்கின்றன: குலிகாய்ட்ஸ், லெப்டோகோனாப்ஸ், ஃபோர்சிபோமியாவுக்குள் லாசியோஹீலியா என்ற துணைப்பேரினம், ஆஸ்ட்ரோகோனாப்ஸ். கடைசியாகச் சொன்னது மேற்கு ஆஸ்திரேலியாவோடு சரி, அதை மறந்துவிடலாம். மற்ற பேரினங்களில் சில வேறு பூச்சிகளைப் பிடித்து உறிஞ்சும், சில பூந்தேனோடு நிறுத்திக்கொள்ளும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கும் கோகோவில் காய் பிடிக்க உதவுவதும் இந்தக் குடும்பத்து ஃபோர்சிபோமியாதான். சாக்லேட் சாப்பிடும்போது இந்தக் குடும்பத்தைக் கொஞ்சம் மன்னித்துவிடுவேன்.

2. காகித வேலை: பருவத்துக்கு மூன்று மாதம் முன்பே

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் நம் பக்கம் பூச்சி பெருகும், நீலநாக்கும் தலைகாட்டும். எனவே ஆனி, ஆடியிலேயே காகிதங்களை முடித்துவிடுங்கள்.

தனியார் கிடையிலோ தொழுவத்திலோ பொறி வைக்க உரிமையாளர் சம்மதம் போதும். வாய்வார்த்தையோடு விடாமல், தமிழில் நாலு வரி எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கட்டுரை அனுப்பும்போது “அனுமதி எங்கே?” என்ற கேள்வி நிச்சயம் வரும்.

காப்புக்காடு, சரணாலயம் என்றால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியைக்கூட எடுக்கக் கூடாது. ஆய்வுத் திட்டம், வழிகாட்டியின் கடிதம், நிறுவனத் தலைவரின் பரிந்துரை, எந்த இடத்தில் எந்த மாதத்தில் எத்தனை இரவு என்ற அட்டவணை, எல்லாம் சேர்த்து விண்ணப்பியுங்கள். என் முதல் விண்ணப்பத்தில் அந்த அட்டவணையை நானே விட்டுவிட்டேன். திரும்பி வந்து மறுபடி போவதற்குள் ஒரு மழைக்காலம் கைவிட்டுப் போயிற்று.

ஆட்டின் மேலிருந்தே பூச்சியை உறிஞ்சுகுழாயால் பிடிப்பதாக இருந்தால், உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு நண்பர் யாராவது “நாலு பூச்சி அனுப்பேன், பார்த்துச் சொல்கிறேன்” என்பார். தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்க்காமல் ஒரு குப்பியும் எல்லை தாண்டக் கூடாது. உதவி செய்ய வந்தவரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடுவீர்கள்.

3. பொறி: வாங்குவதா, செய்வதா?

புற ஊதா விளக்கு, அதன் கீழே ஒரு விசிறி, அதன் கீழே ஒரு டப்பா. பொறி என்பது இவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் ஆண்டர்ஸ்டிபோர்ட் மாதிரிப் பொறி நிறையப் பிடிக்கும், ஆனால் 220 வோல்ட் மின்சாரம் வேண்டும். கிடையில் அதற்கு எங்கே போவது? 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய பொறிதான் கரிசல்காட்டுக்கு ஒத்துவரும்.

நான் செய்தது: கணினியில் போடும் 12 வோல்ட் விசிறி, பிவிசி குழாய்த் துண்டு, சிறிய புற ஊதா விளக்கு, மழைக்கு மேலே கவிழ்க்க ஒரு எவர்சில்வர் தட்டு, 7 ஆம்பியர்-மணி பேட்டரி. எல்லாம் சேர்த்து 2000 ரூபாய்க்குச் சற்று மேல், அதில் பாதி பேட்டரிக்கே போனது. இரண்டு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பேட்டரியை நம்பிப் போன இரவில் இரண்டு மணிக்கு விசிறி நின்று, அதன்பின் வந்ததெல்லாம் பறந்துவிட்டது.

வாயில் இரண்டு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையைச் சுற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் விட்டில்களும் வண்டுகளும் உள்ளே விழுந்து சிறகடித்தே நம் பூச்சிகளைத் தூளாக்கிவிடும். டப்பாவில் தண்ணீர் ஊற்றிச் சோப்புத் திரவம் நாலு சொட்டு விடுங்கள், பூச்சி மிதக்காமல் அமிழும்.

4. கிடைக்குப் போகும் இரவு

கிடை நிலையாக ஓரிடத்தில் நிற்காது. இன்று ஒருவர் காட்டில், நாலு நாளில் இன்னொருவர் காட்டில். எனவே கிடையை நடத்தும் கீதாரியின் கைபேசி எண்தான் உங்கள் முதல் கருவி. மாலையில் கூப்பிட்டு “அண்ணாச்சி, இன்னைக்கு எங்க கிடை?” என்று கேட்காமல் கிளம்பினால் வெறும் புழுக்கை கிடக்கும் நிலத்தில் நிற்பீர்கள், நான் நின்ற மாதிரி.

பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பே பொறியைத் தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், ஆடுகளுக்குச் சில அடி தள்ளி மாட்டிவிடுங்கள். பெரும்பாலான குலிகாய்ட்ஸ் அந்தியிலும் விடியலிலும்தான் மும்முரமாகப் பறக்கும். விடிந்து வெயில் ஏறியபின் கழற்றினால் போதும். பௌர்ணமியை ஒட்டிய நாள்களையும் காற்று வீசும் இரவுகளையும் தவிருங்கள். நிலா வெளிச்சத்தில் விளக்கு எடுபடாது, காற்றில் இவ்வளவு சிறிய பூச்சி பறக்காது.

கிடைக்காரர்கள் பூச்சிக்கு வேப்பிலை மூட்டம் போடுவார்கள். ஆராய்ச்சிக்காக அதை அணைக்கச் சொல்லாதீர்கள், ஆடு அவர்களுடைய பிழைப்பு. புகை வராத பக்கம் பொறியை மாற்றிக்கொண்டு, மூட்டம் இருந்ததைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விளக்குப் பொறி காட்டுவது விளக்குக்கு வருபவற்றை மட்டுமே. கடற்கரை மணலில் வளர்ந்து பகலில் கடிக்கும் லெப்டோகோனாப்ஸ், மரநிழலில் பகலில் கடிக்கும் லாசியோஹீலியா இரண்டும் இதில் சிக்குவது அரிது. பொறியில் இல்லை என்பதற்காக ஊரிலேயே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

5. சாராயமும் சீட்டும்

காலையில் டப்பாவைத் திறந்தால் மிளகுத்தூளைத் தண்ணீரில் கொட்டியது போல இருக்கும். வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி, பெரிய பூச்சிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியை மெல்லிய துணியில் வடித்து உடனே எத்தனாலில் போடுங்கள். உருவம் மட்டும் பார்க்க 70 சதவீதம் போதும். டிஎன்ஏ எடுக்கும் எண்ணம் துளியாவது இருந்தால் 95 சதவீதத்துக்கு மேல், அதுவும் குளிர்பதனப் பெட்டியில். வீரியமான எத்தனாலைக் கடையில் போய்ச் சும்மா வாங்கிவிட முடியாது, உரிமம் உள்ள ஆய்வகங்கள் வழியாகத்தான் கிடைக்கும். துறையில் இருப்பு இருக்கிறதா என்று களத்துக்குப் போகும் முன்பே கேளுங்கள். குப்பிகளைத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பலாம் என்றும் நினைக்காதீர்கள். தீப்பற்றும் திரவம், வாங்க மாட்டார்கள்.

இப்போது அந்த மீதிப் பாதியின் கதை. குப்பியின் வெளியே ஜெல் பேனாவால் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். ஒரு குப்பியின் மூடி கசிந்து, எத்தனால் பெட்டி முழுக்கப் பரவி, பதினோரு இரவுகளின் தேதி நீலக் கறையாக வழிந்துவிட்டது. எந்தக் கிடை, எந்த மாதம் என்று தெரியாத பூச்சி எதற்கும் உதவாது.

சீட்டு குப்பிக்குள்ளேயே போக வேண்டும். கெட்டித் தாளில் பென்சிலால் எழுதுங்கள், எத்தனாலில் பென்சில் அழியாது. ஊர், வட்டம், கைபேசி காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, பொறி வகை, அருகில் இருந்த கால்நடை, பிடித்தவர் பெயர். மாதத்தை எண்ணில் போடாமல் எழுத்தில் எழுதுங்கள். 5-11 என்பது நவம்பரா மே மாதமா என்று இரண்டு வருடம் கழித்து உங்களுக்கே தெரியாது.

6. குடும்பம்: பாதிப் பூச்சியை இங்கேயே கழியுங்கள்

என் 212 ஸ்லைடுகளில் பாதியைக் காலி செய்தவை கைரோனோமிடே குடும்பத்துப் பூச்சிகளும், நமது குடும்பத்திலேயே கடிக்காத பேரினமான டாசிஹீலியாவும். பின்னதை 7ஆம் படியில் கழிப்போம். முன்னது குளக்கரை விளக்கடியில் மொய்க்குமே அந்தக் கடிக்காத பூச்சி, அதில் பொடி வகைகளும் உண்டு. அதற்கு முன்னங்கால் நீளம், வாயில் கடிக்கும் உறுப்பு கிடையாது. நமது குடும்பத்தில் இறக்கைகள் கத்தரிக்கோலை மூடியது போல முதுகின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். இறக்கையின் நடு நரம்பு இரண்டாகக் கிளைத்து ஓரத்தைத் தொடும், கைரோனோமிடேயில் அது கிளைக்காது. கிளைக்கும் இடம் சில சமயம் மங்கலாக இருக்கும், அப்போது கீழிருந்து வரும் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள்.

7. பேரினம்: நாலு கேள்வி

ஸ்டீரியோ நுண்ணோக்கியில் 40 மடங்கு பெரிதாக்கிப் பார்க்க முடிந்தால் இதை முடித்துவிடலாம்.

கால் நகங்களுக்கு நடுவே மயிரடர்ந்த பெரிய திண்டு இருக்கிறதா? இருந்தால் ஃபோர்சிபோமியா அல்லது அட்ரிகோபோகன், தனிக் குப்பிக்கு மாற்றுங்கள். இறக்கை பால் வெள்ளையாக, முன் நரம்பையும் நடு நரம்பையும் இணைக்கும் குறுக்கு நரம்பே இல்லாமல் இருக்கிறதா? லெப்டோகோனாப்ஸ். தொடை தடித்து முள் முளைத்திருக்கிறதா? வேறு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் கூட்டம். கூட்டுக்கண்ணின் முகப்புகளுக்கிடையே நுண்மயிர் நிறைந்து, வாயுறுப்பு குட்டையாக இருக்கிறதா? அதுதான் என் பழைய எதிரி டாசிஹீலியா.

இத்தனையும் கழித்தபின், முன்விளிம்பில் இரண்டு தெளிவான சிறு அறைகள், சிறிய சமமான நகங்கள், தோள்பக்கம் இரண்டு சிறு குழிகள் இருந்தால் அது குலிகாய்ட்ஸ். இந்த ஒரு பேரினத்தில் மட்டும் 1300க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன.

இந்தக் கட்டத்திலேயே ஆண், பெண் பிரித்துவிடுங்கள். ஆணின் உணர்கொம்பு இறகு போல அடர்ந்திருக்கும். பெண்களில் வயிறு சிவந்து உப்பியவை இரத்தம் குடித்தவை. வயிற்றுத் தோலில் திராட்சை நிறச் சாயம் ஏறியவை ஒருமுறையாவது முட்டையிட்டவை, அதாவது முன்பே இரத்தம் குடித்திருக்க வாய்ப்புள்ளவை. வைரஸ் சோதனைக்கு இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நிறம் எத்தனாலில் நாளாக ஆக மங்கும், தள்ளிப்போடாதீர்கள்.

8. இறக்கை: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

குலிகாய்ட்ஸின் ஜாதகம் இறக்கையில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். ஈரமாக இருக்கும்போது வெறும் கண்ணாடிச் சில்லு. சற்று உலரவிட்டு வெள்ளைப் பின்னணியில் வைத்தால், சாம்பல் நிறத்தின் மேல் வெளிர்ப் புள்ளிகள் மெல்ல எழும்பி வரும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று எனக்கு மதியச் சாப்பாடு மறந்துபோனது.

முன்விளிம்பின் இரண்டாவது அறையை முதலில் பாருங்கள். அதன் நுனி வெளிர்ப் புள்ளிக்குள் வந்தால் அவரிஷியா துணைப்பேரினமாக இருக்கலாம். நீலநாக்கு பரப்புவதில் பேர்போன குலிகாய்ட்ஸ் இமிகோலா இதில் சேர்ந்தது. அறை நுனிவரை கறுத்திருந்தால் ஹாஃப்மானியா பக்கம் தேடுங்கள், நம்மூர்த் தொழுவங்களில் வரும் பெரெக்ரினஸ் அங்கே இருக்கிறது. ஆக்ஸிஸ்டோமா ரெம்மியாவில் சேரும். மார்பு மஞ்சளாக இருந்தால் ட்ரைதெகாய்ட்ஸை நினையுங்கள். இதில் அனோஃபெலிஸ் என்ற ஒரு சிற்றினம் இரத்தம் குடித்து உப்பிய கொசுவின் வயிற்றில் உட்கார்ந்து அந்த இரத்தத்தை உறிஞ்சும். திருடன் வீட்டில் திருடுவது என்றால் இதுதான்.

‘இருக்கலாம்’, ‘நினையுங்கள்’ என்று நான் இழுப்பதற்குக் காரணம் உண்டு. இறக்கை வழி காட்டும், முடிவு சொல்லாது. தேய்ந்த இறக்கையில் புள்ளி மறையும். இமிகோலாவைப் போலவே இருக்கும் உடன்பிறப்புச் சிற்றினங்கள் பல.

9. ஸ்லைடு: பூச்சிக்கு ஒன்று, ஒரு நாளைக்குப் பத்து

எல்லாவற்றையும் ஸ்லைடு ஆக்கப் புறப்படாதீர்கள். ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் விழும். இறக்கையைப் பார்த்து ஒரே மாதிரியானவற்றைக் குவியல் பிரித்து, குவியலுக்கு ஐந்து பெண், இரண்டு ஆண் போதும்.

பீனாலில் ஓர் இரவு ஊறவைத்து, பீனால் கலந்த கனடா பால்சம் என்ற பிசினில் தலை, இறக்கை, மார்பு, வயிறு என்று தனித்தனியாக வெட்டி, தனித்தனிச் சொட்டில் வைப்பது வழக்கமான முறை. பீனாலைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். தோலை மரக்கச் செய்துவிட்டுச் சுடும், சுட்டதே தெரியாது. கையுறையும் காற்றிழுப்புப் பெட்டியும் இல்லாத இடத்தில் புட்டியைத் திறக்கவே வேண்டாம். பால்சம் உலர 40 டிகிரிச் சூட்டடுப்பில் இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து இதைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

பார்க்க வேண்டியவை: வாயருகே நீட்டியிருக்கும் உணர் உறுப்பான ‘பால்ப்’பின் மூன்றாவது கண்டத்தில் உள்ள உணர்குழியின் வடிவம், உணர்கொம்பில் எந்தெந்தக் கண்டத்தில் உணர்நுண்குழிகள் இருக்கின்றன, கண்கள் நடுவில் ஒட்டுகின்றனவா, வயிற்றுக்குள் விந்துப்பை எத்தனை. பெரும்பாலானவற்றில் நன்கு வளர்ந்தவை இரண்டும் குறுகிப்போனது ஒன்றும் இருக்கும். ட்ரைதெகாய்ட்ஸில் வளர்ந்தவையே மூன்று.

10. பெயர் வைக்கும் முன்

மிகப் பெரிய பொறி இது: ஐரோப்பியத் திறவுகோலை, அதாவது கேள்வி கேள்வியாகப் பெயர் வரை அழைத்துப்போகும் பட்டியலை, எடுத்துக்கொண்டு உட்காருவது. கணினியில் படத்தோடு அழகாக இருக்கும், ஒவ்வொரு கேள்விக்கும் விடை கிடைக்கும், கடைசியில் பிரான்சில் மட்டும் வாழும் பூச்சி ஒன்றின் பெயர் வரும். திறவுகோலில் இல்லாத பூச்சியைக் கொடுத்தாலும் அது ஏதோ ஒரு பெயரைத் துப்பத்தான் செய்யும். நம் பகுதிக்குத் தொடங்க உகந்தது விர்த், ஹியூபர்ட் இருவரும் 1989இல் வெளியிட்ட தென்கிழக்காசியக் குலிகாய்ட்ஸ் நூல். நம் நாட்டுச் சிற்றினங்கள் எல்லாம் அதில் வராது, ஆனால் துணைப்பேரினம் வரை கைப்பிடித்து அழைத்துப்போகும்.

பழைய இந்தியக் கட்டுரைகளில் குலிகாய்ட்ஸ் ஷுல்ட்ஸெயி என்ற சிற்றினப் பெயரைக் கண்டால் அப்படியே எடுத்தாளாதீர்கள். அது ஆப்பிரிக்கப் பூச்சி, நம் பக்கம் இருப்பது ஆக்ஸிஸ்டோமா. எந்த இடத்தில் சந்தேகம் வருகிறதோ அங்கேயே நின்று, ‘அவரிஷியா, சிற்றினம் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். தேர்வாளர் அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார், தப்பான இமிகோலாவுக்குக் குறைப்பார்.

11. டிஎன்ஏ பார்கோடு: எப்போது, எவ்வளவு

குவியலுக்கு இரண்டு மூன்று பூச்சி அனுப்பினால் போதும். எந்தச் சிற்றினம் என்று ஒப்பிட, ஆய்வகத்தில் சிஓஐ மரபணுவில் 658 எழுத்துகள் கொண்ட துண்டைப் படிப்பார்கள். டிஎன்ஏ பிரித்தல் தொடங்கி வாசிப்பு வரை ஒரு மாதிரிக்கு 700 ரூபாய் போல நான் கொடுத்தேன், மூன்று வாரம் ஆனது. பூச்சியை அரைத்துவிடாதீர்கள். தோல்கூட்டைக் கரைக்காமல் டிஎன்ஏவை மட்டும் எடுக்கும் முறை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கூட்டையே பிறகு ஸ்லைடில் வைக்கலாம். பொதுத் தரவுத்தளத்தில் 99 சதவீதம் ஒத்துப்போகிறது என்று வந்தாலும் துள்ளாதீர்கள். அங்கே அந்தப் பெயரைக் கொடுத்தவரும் நம்மைப் போல ஒருவர்தான். உருவமும் எழுத்தும் இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் பெயரை எழுதுங்கள்.

12. ஒப்படைப்பு

வேலை முடிந்ததும் ஸ்லைடுகள் மேசை இழுப்பறையில் தூங்கக் கூடாது. சென்னை சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. முன்கூட்டியே கடிதம் எழுதி, எந்த வடிவத்தில் சீட்டு வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கொண்டுபோங்கள். புதுச் சிற்றினம் என்று நினைத்தால் மாதிரியைக் குறிப்பிட்ட களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று பல்லுயிர்ச் சட்டமே சொல்கிறது. அவர்கள் தரும் பதிவெண் கைக்கு வந்த பிறகு கட்டுரையை அனுப்புங்கள், அந்த எண்ணுக்கு ஒன்றிரண்டு மாதம் ஒதுக்கி வையுங்கள். ஸ்லைடுப் பெட்டியைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே போங்கள், மேலே சாமான் தட்டில் போட வேண்டாம்.